சந்தனச் சிறுத்தை

வெள்ளவத்தை
06.05.2025

திரு. சிவபாதசுந்தரம் அவர்களுக்கு,

அன்பு, நலம், ஆவல் மூன்றையும் இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். கோபத்தில் இருக்கிறேன். உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்து இரண்டு வருடமாகிறது, அதைத் திறக்கிற எண்ணமும் இல்லை. எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் சொன்னதை மறுக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கரை மறந்திருக்க மாட்டீர்கள். 'நகர இயற்கைப் பாதுகாப்புப் பகுதி' என்று பச்சைப் பலகை நட்டிருக்கிற, நீங்கள் 'சேத்துக்காணி' என்று சொல்லுகிற அதே இடம். அங்கே நடைபாதையும் மின்விளக்கும் வாகனத் தரிப்பிடமும் போடப் போகிறார்களாம். பற்றைக் காடு முழுவதையும் வெட்டி, தண்ணீர் நிற்கிற பள்ளத்தை மண் போட்டு நிரப்புவார்களாம். ஜூன் ஐந்தாம் திகதிக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபனை எழுத நான் பேனை எடுக்க முன்னமே, எங்கள் அடுக்குமாடி பிளட்ஸ் சங்கத் தலைவர் சண்முகலிங்கம் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு வந்து நிற்கிறார். வெட்ட வேண்டாம் என்றல்ல, கெதியாய் வெட்டுங்கோ என்று.

ஏனென்று கேட்டேன்.

"ரீச்சர், உள்ளுக்கை சிறுத்தை நிக்குதாம். கவுண்மென்ரே எழுதி ஒட்டியிருக்கு. பிள்ளையள் ரியூசனுக்குப் போற பாதையெல்லோ அது. உங்களுக்குக் கொக்குப் பாக்கிற ஆசை, எங்களுக்கு உயிர்ப் பயம்."

போய் அறிவித்தலை வாசித்தேன். 'இப்பகுதியில் வாழும் பாலூட்டிகள்: கீரி, நீர்நாய், சந்தனச் சிறுத்தை.' கீழே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று உங்கள் பெயர், உங்கள் முத்திரை.

சிங்களத்தில் இருப்பது ஹந்துன் திவியா. ஹந்துன் என்றால் சந்தனம், திவியா என்றால் சிறுத்தை, இரண்டையும் ஒட்டிவிட்டீர்கள். கெட்டிக்காரர். அது மீன் பிடித்துத் தின்கிற ஒரு காட்டுப்பூனை. வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு இருக்கும், அவ்வளவுதான். கொத்துரொட்டிக் கடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் சிறுத்தை எங்கே நிற்கும் என்று உங்களுக்கு ஒரு நிமிடம் யோசனை வரவில்லையா?

பிழை என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துத் தாருங்கள். ஜூன் ஐந்துக்கு முன்னம் வேண்டும். வேறெதுவும் உங்களிடம் நான் கேட்கவில்லை.

கமலாசனி


கொட்டாஞ்சேனை
10.05.2025

அன்பின் கமலா,

நீர் அன்பை விட்டாலும் நான் விடவில்லை. நான் தங்கியிருக்கிற அக்கா வீட்டில் எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் மாடி ஏற மறுக்கிறது. நீர் பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீரோ என்று கேட்க வழியில்லாமல் இருந்தேன். கோபத்திலாவது எழுதினீரே.

இனி உமது குற்றப்பத்திரத்துக்கு வருகிறேன். அந்தப் பேப்பர் புதுக்கடை நீதிமன்றத்தடியில் என் மேசைக்கு வந்தது பின்னேரம் மூன்று மணிக்கு. நாலு மணிக்கு முன் வேண்டுமென்று ஆள் பக்கத்திலேயே நின்றான். அகராதியைப் பார்த்தேன். ஹந்துன் சந்தனம்தான். திவியா சிறுத்தைதான். அகராதியிலே இருப்பதை எழுதினவனை எப்படிக் குற்றம் சொல்வது?

கமலா, முப்பத்தொரு வருடமாக அந்த முத்திரையைக் குத்துகிறேன். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு என்று எத்தனையோ பேருடைய சீவியம் என் தமிழில்தான் நீதிமன்றத்துக்குள் போயிருக்கிறது. ஒரு முறைப்பாடு வந்ததில்லை. பிழை விட்டேன் என்று நானே சத்தியம் செய்து கொடுத்தால், நாளைக்கு எந்தச் சட்டத்தரணியும் என் பழைய கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு, "பூனையைச் சிறுத்தையாக்கின மனுசன் இவர்தானே கனம் நீதிபதி அவர்களே" என்று எழும்புவார். நீதிமன்றமே சிரிக்கும். பிறகு என் முத்திரைக்கு என்ன மதிப்பு?

அறிவித்தல் ஒட்டின அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். சத்தம் போடாமல் அவரிடம் சொல்லித் திருத்தப் பார்க்கிறேன். அதுதான் புத்தியான வழி.

இன்னொன்று. அந்தக் காணியா நானா என்று அன்றைக்கு நான் கேட்டது கோபத்தில். நீர் 'காணி' என்று சொன்னது கோபத்தில் இல்லை. அதனால்தான் உடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினேன். அதையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

அன்புடன்
சிவபாதசுந்தரம்


வெள்ளவத்தை
17.05.2025

திரு. சிவபாதசுந்தரம் அவர்களுக்கு,

குளிசை போடுகிறேன். வலது காலில் போத்தல் ஓடு வெட்டி, களுபோவில ஆசுபத்திரியில் நாலு தையலும் போட்டாயிற்று. சுகம் விசாரித்தது போதும்.

உங்கள் 'தெரிந்த ஒருவர்' என்ன செய்தார்? ஒட்டின அறிவித்தலைத் திருத்த முடியாது, யாராவது எழுத்தில் ஆட்சேபித்தால் பார்ப்போம் என்றிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். சத்தம் போடாத வழி அங்கே முடிந்துவிட்டது.

இதற்குள் இங்கே நடந்ததைக் கேளுங்கள். சண்முகலிங்கம் சிறுத்தைப் படத்தோடு நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு லிஃப்டிலும் ஒட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆபிரிக்கச் சிறுத்தை, இன்டர்நெட்டில் எடுத்தது. மூன்றாம் நாள் யாரோ பெரிய பாரை மீனை வாங்கி, மருந்து தடவி, தாழம் பற்றைக்குள் போட்டுவிட்டார்கள். இரண்டு கபரகொய்யா உடும்புகள் வயிறு வீங்கிக் கிடந்தன. சந்திக் கடையின் பழுப்பு நாயும் செத்துப்போயிற்று. அந்த இடத்துக் காவல்காரர் சிறில்தான் மூன்றையும் குழி வெட்டித் தாட்டார். அந்தப் பூனைக்கு இந்த வருடம் ஒரு குட்டி இருக்கிறது. ஐந்து நாளாய் இரண்டையும் காணவில்லை.

அங்கே என்ன இருக்கிறதென்று ஒரு தரம்கூட நீங்கள் கேட்டதில்லை, ஆகவே நானே சொல்லுகிறேன். ஆறு கிண்ணை மரம் நிற்கிறது. இரவில் பூத்து, விடியத் தண்ணீர் முழுக்கச் சிவப்பு நூலைக் கொட்டிவைக்கும். அதன் காயைப் பிசைந்து சிறில் எனக்கு யூஸ் போட்டுத் தருவார், புளிக்கும், நல்லாயிருக்கும். சம்புப் புல்லுக்குள் கானாங்கோழி கறுத்தக் குஞ்சுகளை வரிசையாய்க் கூட்டிக்கொண்டு போகும். நாலு சாதி மீன்கொத்தி எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்கால் அழுக்கைத் தாண்டி நீர்நாய் வருகிறது. அந்தப் பூனை, கல்லில் குந்தியிருந்து, முன்னங்காலால் தண்ணீரில் படாரென்று ஒரு அறை விடும், வாயில் திலாப்பியாவோடு திரும்பும். பூனை தண்ணீருக்குப் பயம் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். முதல் தரம் அதைப் பார்த்த அன்று எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

எதையும் வெட்டக்கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் அமுக்குகிற வெல் அத்தாக் கன்றுகளை நானும் சிறிலும் எங்கள் கையாலேயே பிடுங்குகிறோம். மாரி மழைக்கு எங்கள் கீழ்மாடிக்குள் வரவேண்டிய தண்ணீரை அந்தப் பள்ளம் குடிக்கிறது. அதை நிரப்பிப்போட்டு எங்கே கார் விடப் போகிறார்கள், தண்ணீருக்குள்ளேயா?

காணி என்று சொன்னது கோபத்தில் இல்லைதான். பென்சன் எடுத்து வந்த பிறகு, நான் வாய் திறந்தால் யாரும் திருத்தாத ஒரே இடம் அதுவாகத்தான் இருந்தது. வீட்டில் நான் சொன்ன சொல், சொன்ன திகதி, சொன்ன வீதிப் பெயர் எல்லாவற்றையும் நீங்கள் திருத்துவீர்கள். நானும் சரி சரி என்று திருந்திக்கொண்டே இருந்தேன். நீங்கள் 'நான் பிழை விட்டிட்டன்' என்று சொல்லி இந்த முப்பத்தைந்து வருடக் கலியாணத்தில் ஒருநாள் கேட்டதில்லை. இந்த முறை கேட்டே தீருவேன்.

கமலாசனி


கொட்டாஞ்சேனை
24.05.2025

அன்பின் கமலா,

காலில் தையல் வெட்டியாயிற்றா? அந்தச் சேற்றோடு புண்ணை நனைக்க வேண்டாம்.

உமக்குச் சொல்லாமல் வியாழக்கிழமை விடிய அங்கே வந்தேன். நீதிமன்றம் தொடங்க முன் பார்த்துவிட்டுப் போகலாமென்று நூறாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினேன். நீர் இல்லை, அன்றைக்கு ஆசுபத்திரியோ என்னவோ. சிறில் என்னை யாரென்று அறியார். அலுவலகத்து ஆள் என்று நினைத்து முதலில் முறைத்தார். "சிறுத்தையைப் பாக்க வந்தனான்" என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த மனுசன் தமிழிலேயே மறுமொழி தந்தார்.

"மஹத்தயா, அது திவியா இல்ல. பேர் மட்டுந்தான் திவியா. எங்கட ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தத் தமிழ்ப் பேப்பர் எழுதின ஆள் யாரோ, அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் காட்டுறேன்."

அந்த ஆள் நான்தான் என்பதை மறைத்துவிட்டேன். அவருக்குப் பின்னால் போனேன். முழங்கால்வரை புதைந்தேன், இடது சப்பாத்தை இன்னும் எடுக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் சேற்றில் இரண்டு அளவில் கால் அடையாளம் காட்டினார், பெரிதொன்று, அதற்குள்ளேயே சின்னதொன்று. புதிது, நேற்று இரவு பட்டது என்றார். ஆகவே உமது பூனையும் குட்டியும் உயிரோடுதான் இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பிளட்ஸ் வாசலில் ஒரு தாய், வெள்ளைச் சட்டை போட்ட மகளை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். "அங்கால பாக்காதை, சிறுத்தை" என்றாள். என் சொல் அந்தப் பிள்ளையின் காதிலும் ஏறிவிட்டது.

புதுக்கடைக்குப் போய் மன்னாரிலிருந்து வந்து எழுதுவினைஞராய் இருக்கிற ஒருவரிடம், ஹந்துன் திவியாவுக்குத் தமிழ் என்ன என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "கொடுப்புலி ஐயா. குளத்தடியில மீன் தின்னும்" என்றார், ஒரு நொடி யோசிக்கவில்லை. பக்கத்து மேசை. முப்பத்தொரு வருடத்தில் நான் அவரிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

கடதாசி ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லும். 'மேற்படி தமிழாக்கத்தில் விலங்கினப் பெயர் ஒன்று தொடர்பில் சிறு தெளிவின்மை ஏற்பட்டுள்ளதாக அறியக் கிடக்கின்றது.' இதுவே போதுமானது என்று நினைக்கிறேன்.

அன்புடன்
சிவபாதசுந்தரம்


வெள்ளவத்தை
28.05.2025

அன்புள்ளவருக்கு,

சிறில் சொன்னார், பெரியவர் ஒருவர் வந்து சேற்றுக்குள் விழுந்து எழும்பி, ஒரு சப்பாத்தோடு பஸ் ஏறினார் என்று. நான் சிரித்தது உண்மை. கால் அடையாளத்தை எழுதினதற்கு நன்றி. அதை வாசித்துவிட்டுக் குசினி அடுப்படியில் நின்று அழுதேன், அதுவும் உண்மை.

கடதாசியைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன், பழக்கம் போகவில்லை. தெளிவின்மை ஏற்பட்டுள்ளதாம். எப்படி ஏற்பட்டது, மழை மாதிரி வானத்திலிருந்தா? அறியக் கிடக்கின்றதாம். எங்கே கிடக்கிறது? வசனத்தில் எழுவாய் எங்கே என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும். இருபதுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

மஸாஹிராவை ஞாபகமா, என்னிடம் உயிரியல் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போன பிள்ளை. அவள்தான் எங்களுக்காக ஆட்சேபனை எழுதுகிறாள். உங்கள் வசனத்தைக் காட்டினேன். "மிஸ், இத வெச்சி ஒண்ணும் செய்ய ஏலா. சேர் தான் பிழை விட்டதா சொல்லணும். அப்பதான் அந்த இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்தும் பிழையான பேப்பரப் பாத்துப் போட்டது எண்டு சொல்லலாம்" என்றாள். அப்போதுதான் அறிவித்தலையே ரத்துச் செய்யக் கேட்கலாமாம்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமலில்லை. அந்த முத்திரை உங்களுக்கு என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த முத்திரைதான் மீனில் மருந்து தடவ வைத்தது. பிழையை மூடி வைத்துக் காப்பாற்றுகிற முத்திரை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

'நான்' என்று தொடங்குங்கள். எட்டு நாள் இருக்கிறது. எழுதாவிட்டால் மஸாஹிரா உங்களுக்கு அழைப்பு அனுப்பி ஆட்சேபனை விசாரணைக்குக் கூப்பிடுவாள். நான் அவளைத் தடுக்க மாட்டேன், நேரே முன் வரிசையில் இருந்து உங்களைப் பார்ப்பேன்.

கமலா


கொட்டாஞ்சேனை
21.06.2025

அன்பின் கமலா,

மஸாஹிரா எல்லாம் சொல்லியிருப்பாள், நீர் அன்று பின் வரிசையில் இருந்ததையும் கண்டேன். முன் வரிசை என்று எழுதினீர், ஏன் பின்னால் போய் இருந்தீர் என்று தெரியவில்லை. இருந்தாலும் என் பக்கத்தை என் கையால் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாம் திகதி சத்தியக்கடதாசி முடித்தேன். ஒரு பிரதி இத்துடன். இரண்டாம் பந்தியைப் பாரும். 'நான் ஹந்துன் திவியா என்னும் சிங்களப் பெயரை, அதன் பொருளை விசாரித்து அறியாமல், சந்தனச் சிறுத்தை எனப் பிழையாக மொழிபெயர்த்தேன். அதன் சரியான தமிழ்ப் பெயர் கொடுப்புலி. இது மனிதரைத் தாக்கும் சிறுத்தையன்று. இப்பிழை என்னுடையது, வேறெவருடையதும் அன்று.' அந்த முதற்சொல்லை எழுத எனக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. எழுதின பிறகு மிச்சம் தானாக வந்தது.

கடதாசியைக் கொடுக்கப் போனபோது, அந்தத் தெரிந்த ஒருவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏன் அய்யே உங்களுக்கு இந்தத் தலையிடி? இனி எங்கட வேலை ஒண்டும் உங்களுக்கு வராது" என்றார். வராவிட்டால் வராமல் இருக்கட்டும், கடதாசிக்கு இலக்கம் போட்டுத் தாரும் என்று நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். போட்டுத் தந்தார்.

பத்தொன்பதாம் திகதி விசாரணையில் நடந்தது நீர் கண்டதுதான். அலுவலகத்துச் சட்டத்தரணி எழும்பி, "அப்படியானால் உங்களுடைய மற்ற மொழிபெயர்ப்புகளிலும் பிழை இருக்கலாம் அல்லவா?" என்று கேட்டபோது, எனக்கு வியர்த்தது உண்மை. "இருக்கலாம். இருந்தா கொண்டு வாங்கோ, திருத்தித் தாறன். முப்பத்தொரு வருசமா ஒருத்தரும் கொண்டு வரேல்லை. இதைக்கூட நான்தான் கொண்டு வந்தனான்" என்றேன். சனம் சிரித்தது. நான் பயந்த சிரிப்பு அது இல்லை.

அறிவித்தல் ரத்து. அந்த வசனத்தை விசாரணை அதிகாரி வாசித்தபோது உமது பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அதற்குப் பிறகு புதுக்கடையில் இரண்டு பேர் தங்கள் கடதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் 'சிறுத்தை ஐயா' என்று கூப்பிடுகிறார். ஓம் என்று திரும்பிப் பார்க்கிறேன். பிழை விட்டவன்தான், பொய் சொன்னவன் இல்லை. என் மேசையை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரட்டுமா?

அன்புடன்
உமது சிவபாதசுந்தரம்


வெள்ளவத்தை
16.07.2025

அன்புள்ள அத்தான்,

இருபத்தைந்து நாளாய்ப் பதில் போடவில்லை. வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை. ஏழெட்டுத் தரம் எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். ஓம் என்று எழுதினால் உங்கள் சத்தியக்கடதாசிக்கு நான் தருகிற கூலி மாதிரி இருந்தது. இல்லை என்று எழுதக் கை வரவில்லை. உங்களை அந்த மேடையில் பார்க்க முன் வரிசையில் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் பின்னுக்குப் போனேன். பெருமையாய் இருந்தது. வியர்வை துடைக்க லேஞ்சி எடுக்காமல் கையால் துடைத்தீர்களே, அப்போது எழும்பி வந்து தரவேண்டும் போல இருந்தது. இதையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

நேற்று புது அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள்.

தமிழை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல்லுச் சொல்லாய் வாசித்தேன். 'கீரி, நீர்நாய், கொடுப்புலி.' ஒரு பிழை இல்லை, ஒரு கொம்பு சுழி பிசகவில்லை. கீழே அதே நடைபாதை, அதே வாகனத் தரிப்பிடம், அதே மண் நிரப்பல். சுத்தமான தமிழில் அப்படியே வெட்டப் போகிறார்கள். மறுபடி முப்பது நாள்.

சண்முகலிங்கத்திடம் போனேன். இப்போது சிறுத்தை இல்லையே, கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கோ என்றேன்.

"சிறுத்தை இல்லாட்டிப் பரவாயில்லை ரீச்சர். ஆனா கார் விட இடம் வேணுந்தானே" என்றார். குறைந்தது உண்மையைச் சொன்னார். பயத்தைத் திருத்தலாம், இதை எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டு படியேறினேன். பிறகு மேல்மாடி மேனகா கதவைத் திறந்து, "அன்ரி, நான் போட்ட கையெழுத்தை எடுக்கிறதுக்கு எங்க எழுத வேணும்?" என்று கேட்டாள். ஒன்று குறைந்தது. இன்னும் இருநூற்றுப் பதினொன்று இருக்கிறது.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நான் இனியும் சேற்றோடுதான் வருவேன், பிழையான வீதிப் பெயர்தான் சொல்லுவேன், எனக்குச் சரியென்று பட்டதில் ஒரு அங்குலம் நகரமாட்டேன். அதை நீங்கள் ஆறுதலாய் யோசியுங்கள். நானும் யோசிக்கிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, கீழ்மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாய்த் தட்டி, கையெழுத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். முப்பத்தாறு வீடு சிங்களக் குடும்பங்கள். என் சிங்களம் சந்தைக்குக் காணும், சண்டைக்குக் காணாது. வந்தால் இருவரும் படியேறுவோம், உங்கள் முழங்காலுக்கு ஏற்ற மாதிரி மெல்ல ஏறலாம்.

வராவிட்டாலும் நான் ஏறுவேன்.

கமலா